வில்லியம் ஃபேர்பெர்ன்

வில்லியம் யூவர்ட் ஃபேர்பெர்ன் (பெப்ரவரி 28, 1885 – ஜூன் 20, 1960) இங்கிலாந்தைச் சேர்ந்த காவல்துறை அதிகாரியும் படைத்துறைப் பயிற்றுநரும் ஆவார். சீனாவின் சாங்காய் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவல் பணியாற்றிய இவர், கைத்துப்பாக்கிப் பயிற்சியைப் போட்டிக் களத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவராக அறியப்படுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய, அமெரிக்கச் சிறப்புப் படையினருக்கும் உளவாளிகளுக்கும் நெருங்கிய போர்முறையைக் கற்பித்தார். எரிக் அந்தோனி சைக்சு என்பவருடன் சேர்ந்து இவர் வடிவமைத்த இருபுறக் கூர்க்கத்தி ஃபேர்பெர்ன்-சைக்சு கத்தி எனப்படுகிறது.

இளமைக் காலம்

ஃபேர்பெர்ன் இங்கிலாந்தின் ஆர்ட்போர்ட்சயர் மாவட்டத்தில் உள்ள ரிக்மன்சுவர்த் என்னும் ஊரில் பிறந்தார். 1901 ஆம் ஆண்டில், பதினாறு வயதளவில், அரச கடற்படையின் காலாட்படையில் சேர்ந்தார். கொரியாவின் சியோல் நகரில் இருந்த பிரித்தானியத் தூதரகத்தின் காவல் பிரிவில் சில காலம் பணியாற்றினார். அங்கு சப்பானியப் படையினருடன் துப்பாக்கி முனைக்கத்திச் சண்டையில் பழகும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. 1907 ஆம் ஆண்டில் கடற்படையிலிருந்து விலகி, சாங்காய் நகராட்சிக் காவல்துறையில் சாதாரணக் காவலராகச் சேர்ந்தார்.

சாங்காய் நகரமும் காவல்துறையும்

1842 ஆம் ஆண்டின் நாஞ்சிங் உடன்படிக்கைக்குப் பின்னர் சாங்காய் துறைமுகம் வெளிநாட்டு வணிகர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பிரித்தானியர், அமெரிக்கர் ஆகியோரின் குடியிருப்புகள் 1863 ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து பன்னாட்டுக் குடியிருப்பு ஆயின. இதை ஆண்டது வெளிநாட்டு வணிகர்களின் கையில் இருந்த நகராட்சி மன்றம். அருகே பிரெஞ்சுக் குடியிருப்பு தனி ஆட்சியாகவும், அதைச் சுற்றிச் சீன நகரம் வேறொரு ஆட்சியாகவும் இருந்தன. ஓரிடத்தில் குற்றம் செய்தவன் ஒரு தெருவைக் கடந்தால் வேறு சட்டத்தின் எல்லைக்குள் போய்விடலாம்.

1916 ஆம் ஆண்டுக்குப் பின்னர் சீனாவின் பல பகுதிகள் போர்த்தலைவர்களின் கைக்குச் சென்றன. 1919 ஆம் ஆண்டில் மேற்கு நாடுகளும் சப்பானும் சீனாவுக்கு ஆயுதம் விற்பதில்லை என்று உடன்பட்டபோதிலும் கடத்தல் நிற்கவில்லை. துறைமுக நகரான சாங்காயில் கைத்துப்பாக்கி எளிதாகக் கிடைத்தது. ஆயுதக் கொள்ளையும் செல்வந்தர்களைக் கடத்திப் பணம் பறிப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள் ஆயின.

இந்நகரின் காவல்துறையில் சீனர்களே பெரும்பான்மையினர். அவர்களுடன் ஆங்கிலேயர், சப்பானியர், உருசியர், இந்தியாவின் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர் ஆகியோரும் பணியாற்றினர். சீக்கியப் பிரிவு 1880களில் தொடங்கப்பட்டது. வெவ்வேறு மொழி பேசும் இத்தனை பேருக்கும் புரியும்படியான, குறைந்த காலத்தில் கற்கக்கூடிய ஒரு பயிற்சி முறை தேவைப்பட்டது. ஃபேர்பெர்னின் முறை எளிமையாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கத்திக்குத்தும் தற்காப்புக் கலையும்

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், இரவுச் சுற்றுக்காவலின்போது ஃபேர்பெர்ன் ஒரு கும்பலால் தாக்கப்பட்டார். பல இடங்களில் கத்திக்குத்துப் பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கடற்படையில் கற்ற சண்டை முறை தெருவில் உதவாது என்பதை இந்நிகழ்வு இவருக்கு உணர்த்தியது. உடல் தேறியபின் ஒகாடா என்னும் சப்பானிய ஆசிரியரிடம் சூசுட்சு கற்றார். பின்னர் சீனத் தற்காப்புக் கலையும் பயின்றார். டோக்கியோவில் உள்ள கோடோகன் யூடோ பள்ளியின் கறுப்புப் பட்டையைப் பெற்று, 1931 ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் நிலையை அடைந்தார்.

இவை அனைத்திலிருந்தும் காவலர்களுக்குப் பயன்படும் பிடிகளையும் அடிகளையும் மட்டும் தெரிந்தெடுத்து ஒரு முறையை உருவாக்கினார். இதற்கு டிபென்டு எனப் பெயரிட்டார். இது பற்றிய நூல் 1926 ஆம் ஆண்டில் சாங்காயில் வெளிவந்தது. அழகும் சடங்கும் நீக்கப்பட்ட இம்முறையின் நோக்கம் வெற்றி பெறுவதன்று. உயிருடன் வீடு திரும்புவதே ஆகும். துப்பாக்கிப் பயிற்சியிலும் இவர் இதே நோக்கைக் கையாண்டார்.

துப்பாக்கிப் பயிற்சி

அக்காலத்தில் காவலர்களுக்கு அளிக்கப்பட்ட துப்பாக்கிப் பயிற்சி, இலக்குச் சுடும் போட்டியை ஒத்திருந்தது. காவலர் நல்ல வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்று, கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, குறிகாட்டி வழியே நோக்கி, வட்டப் பலகையின் நடுவில் சுட வேண்டும். பயிற்சித் துறையின் பொறுப்பை ஏற்ற ஃபேர்பெர்ன், உண்மையான துப்பாக்கிச் சண்டைகள் எவ்வாறு நடந்தன என்பதைத் தொகுத்துப் பார்த்தார்.

அவற்றில் சில பொதுத் தன்மைகள் தெரிந்தன. பெரும்பாலானவை நான்கு கசத்துக்கும் குறைவான தொலைவில் நடந்தன. பெரும்பாலும் இரவிலோ, மாடிப்படியிலோ, இருண்ட சந்திலோ நிகழ்ந்தன. காவலர் பெரும்பாலும் ஓடிவந்து மூச்சிரைக்கும் நிலையில் இருந்தார். எதிரியும் நகர்ந்துகொண்டிருந்தான். எல்லாம் சில நொடிகளில் முடிந்தது. இத்தகைய வேளையில் குறிகாட்டியைப் பார்க்க நேரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

ஆபத்தில் மனித உடல் இயல்பாக என்ன செய்கிறது என்பதையும் இவர் கவனித்தார். அச்சம் ஏற்பட்டவர் முழங்காலை மடித்துக் குனிகிறார். இரு கண்களையும் அகலத் திறந்து எதிரியையே பார்க்கிறார். துப்பாக்கியை இறுகப் பற்றுகிறார். இந்த இயல்பை எதிர்த்துப் பயிற்சி அளிப்பதைவிட, அதன் மீதே பயிற்சியை அமைப்பது நல்லது என்று ஃபேர்பெர்ன் கருதினார். ஒருவர் விரல் நீட்டி ஒரு பொருளைச் சுட்டும்போது விரலைப் பார்ப்பதில்லை, பொருளையே பார்க்கிறார். துப்பாக்கியையும் அவ்வாறே சுட்ட முடியும் என்பது இவரது முறையின் அடிப்படை ஆகும். இது பின்னர் சுட்டிச் சுடுதல் என்னும் பொருள்படும் பெயரால் அறியப்பட்டது.

மிக அருகில் உள்ள எதிரியை இடுப்பளவிலிருந்தும், சற்றுத் தள்ளி உள்ளவரைக் கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தியும் சுடக் கற்பிக்கப்பட்டது. ஒரு குண்டை மட்டும் நம்பாமல் அடுத்தடுத்து இரண்டு குண்டுகளைச் சுடுவது வழக்கமாக்கப்பட்டது. தொலைவில் உள்ள இலக்குக்கு மட்டும் இரு கைகளாலும் பற்றி, சுவரிலோ தரையிலோ ஊன்றி, குறிகாட்டியைப் பயன்படுத்துமாறு கூறப்பட்டது. ஆகவே இவர் குறிகாட்டியை அடியோடு மறுத்தார் என்பது சரியன்று.

பயிற்சி இலக்குகள் வட்டப் பலகைகளாக இன்றி மனித உருவில் அமைக்கப்பட்டன. நடுவில் பட்ட குண்டுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. போட்டிச் சுடுதலை இவர் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் அது தனிக் கலை என்றும், அதில் வல்லவராக இருப்பது தெருச் சண்டையில் பிழைப்பதற்கு உறுதி அளிக்காது என்றும் வாதிட்டார்.

சுடுகலன்கள் பற்றிய கருத்துகள்

ரிவால்வரா, தானியங்கிக் கைத்துப்பாக்கியா என்ற விவாதம் அக்காலத்தில் சூடாக நடந்தது. ஃபேர்பெர்ன் தானியங்கியையே விரும்பினார். விரைவாகச் சுட முடிவதும், தோட்டாக் கூட்டை நொடியில் மாற்ற முடிவதும், பயிற்சிக்கு எளிதாக இருப்பதும் இவர் கூறிய காரணங்களாகும். பெரிய கையுடைய ஆங்கிலேய, சீக்கியக் காவலர்களுக்கு .45 அங்குலக் கோல்ட் துப்பாக்கியும், சிறிய கையுடைய சீனக் காவலர்களுக்கு .380 அங்குலக் கோல்ட் துப்பாக்கியும் வழங்கப்பட்டன. ஆயுதம் கைக்குப் பொருந்த வேண்டும் என்ற கருத்து இன்று சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அனைவருக்கும் ஒரே அளவு என்பதே அன்றைய பொது வழக்கமாக இருந்தது.

பாதுகாப்புப் பூட்டு பற்றிய இவரது முடிவு பலரையும் வியக்க வைத்தது. சாங்காய் காவலரின் துப்பாக்கிகளில் இப்பூட்டு இயங்காதபடி நிலையாகப் பொருத்தப்பட்டுவிட்டது. பரபரப்பில் பூட்டைத் திறக்க மறந்த காவலர் உயிரிழப்பார் என்பது ஒரு காரணம். பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கவனக்குறைவு வளரும் என்பது மற்றொன்று. இதற்கு மாற்றாக, குழலில் தோட்டா இல்லாமலேயே துப்பாக்கி உறையில் வைக்கப்பட்டது. தேவைப்படும்போது உருவி எடுத்து, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்றிச் சுடும் செயல் ஒரே அசைவாகும் வரை பயிற்சி தொடர்ந்தது.

எந்தக் குண்டு எதிரியை உடனே வீழ்த்தும் என்ற கேள்விக்கும் இவர் விடை தேடினார். கனமான பெரிய குண்டு பட்டும் விழாமல் ஓடியவர்கள் உண்டு. சிறிய குண்டிலேயே வீழ்ந்தவர்களும் உண்டு. இவ்வாறு முரண்பட்ட நிகழ்வுகளைக் கண்ட இவர், குண்டின் அளவை மட்டும் கொண்டு உறுதியான விதி எதையும் கூற முடியாது என்ற முடிவுக்கு வந்தார். பொதுவாக ஏற்கப்பட்ட நம்பிக்கையைத் தன் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவராதபோது அதை வெளிப்படையாக எழுதியது இவரது சிறப்பியல்பு ஆகும்.

மர்ம வீடு

புதிய காவலர்கள் அடிப்படைப் பயிற்சி முடித்தபின் மர்ம வீடு எனப்பட்ட கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டனர். உள்ளே என்ன இருக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. மங்கிய வெளிச்சம், தடுமாற வைக்கும் தரை, திடீரென வெடிக்கும் பட்டாசு, எதிர்பாராத மூலையிலிருந்து எழும் மனித உருவங்கள் ஆகியவை அங்கு இருந்தன. பயிற்சிக்கும் உண்மை நிகழ்வுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதே இதன் நோக்கம். இன்று உலகின் பல காவல்துறைகளும் படைகளும் பயன்படுத்தும் பயிற்சி வீடுகளுக்கு இது ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

1925 துப்பாக்கிச் சூடும் கலவரத் தடுப்பு அணியும்

1925 மே 15 அன்று சாங்காயில் சப்பானியருக்குச் சொந்தமான பருத்தி ஆலை ஒன்றில் கு செங்கொங் என்னும் சீனத் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். இதை எதிர்த்து மே 30 அன்று மாணவர்கள் நாஞ்சிங் சாலையில் ஊர்வலம் நடத்தினர். கைது செய்யப்பட்டவர்களை விடுவிக்கக் கோரி லவுசா காவல் நிலையத்தின் முன் கூட்டம் திரண்டது. நிலையத்தின் ஆங்கிலேய ஆய்வாளர் சுடுமாறு ஆணையிட்டார். சீக்கிய, சீனக் காவலர்கள் சுட்டதில் குறைந்தது 9 பேர் இறந்தனர்; மேலும் பலர் காயமுற்றனர். சீன நகரங்கள் பலவற்றில் வேலைநிறுத்தமும் வெளிநாட்டுப் பொருள் புறக்கணிப்பும் பரவின. இது சீன வரலாற்றில் மே 30 இயக்கம் எனப்படுகிறது. காவல் ஆணையர் பதவியிழக்க நேர்ந்தது.

இந்நிகழ்வு காவல்துறையின் ஒரு பெரிய குறையை வெளிப்படுத்தியது. நிலையத்தில் இருந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கியைத் தவிர வேறு வழியும் அதற்கான பயிற்சியும் இல்லை. இதன் பின்னர் சேமக் காவல் அணி ஒன்று அமைக்கப்பட்டது. அதை உருவாக்கிப் பயிற்றுவித்ததில் ஃபேர்பெர்னுக்கு முதன்மைப் பங்கு உண்டு. விரைந்து செல்லும் வண்டி, தடி, கேடயம், படிப்படியாக வலிமையைக் கூட்டும் ஒழுங்குமுறை ஆகியவை இவ்வணியின் கூறுகள். குறிபார்த்துச் சுடுவோர் பிரிவும் இதனுடன் இணைந்திருந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் தோன்றிய சிறப்பு ஆயுதக் காவல் அணிகளின் தொடக்க வடிவங்களுள் ஒன்றாக இது பலராலும் கருதப்படுகிறது.

காவலர்களின் காப்புக் கருவிகளிலும் ஃபேர்பெர்ன் ஆர்வம் காட்டினார். குண்டு துளைக்காத மேலங்கிகளையும் கேடயங்களையும் உருவாக்கிச் சோதிப்பதில் ஈடுபட்டார். தம்மைக் காக்க ஒன்று இருக்கிறது என்று அறிந்த காவலர் அவசரப்பட்டுச் சுடமாட்டார் என்பதால், இவை சுடப்படுவோரின் உயிரையும் ஓரளவு காத்தன எனலாம்.

பதிவேடு காட்டும் கணக்கு

பன்னிரண்டரை ஆண்டுகளில் ஆயுதம் தாங்கிய குற்றவாளிகளுடன் 666 மோதல்கள் நடந்ததாக ஃபேர்பெர்னும் சைக்சும் தம் நூலில் பதிவு செய்துள்ளனர். காவலர் தரப்பில் கைத்துப்பாக்கி மட்டும் பயன்பட்ட மோதல்களில் காவலர் 42 பேர் இறந்தனர். 100 பேர் காயமுற்றனர். குற்றவாளிகளில் 260 பேர் இறந்தனர். 193 பேர் காயமுற்றனர். அதாவது ஒரு காவலருக்கு ஏறத்தாழ ஆறு குற்றவாளிகள் இறந்துள்ளனர்.

இக்கணக்கைத் தம் முறையின் வெற்றிக்குச் சான்றாக அவர்கள் காட்டினர். எனினும் இது காவல்துறை தானே தொகுத்த கணக்கு ஆகும். யார் குற்றவாளி என்பதை வகுத்ததும் அத்துறையே. இந்த எண்ணிக்கை ஒரு பயிற்சி முறையின் திறனை மட்டுமன்றி, அந்நகரில் மனித உயிர் எவ்வளவு மலிவாக இருந்தது என்பதையும் காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போர்

எரிக் அந்தோனி சைக்சு சாங்காயில் சுடுகலன் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். காவல்துறையில் சிறப்பு அதிகாரியாகச் சேர்ந்து, குறிபார்த்துச் சுடுவோர் பிரிவில் பணியாற்றினார். 1940 ஆம் ஆண்டில் ஃபேர்பெர்ன் ஓய்வு பெற்றதும் இருவரும் பிரித்தானியா திரும்பினர். அப்போது பிரான்சு வீழ்ந்து, செருமானியப் படையெடுப்பு எதிர்பார்க்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்திருந்த இருவரும் படையில் கப்டன் தரத்தில் சேர்க்கப்பட்டு, இசுக்கொட்லாந்தில் லொகைலோர்ட் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். அங்குக் கொமாண்டோ வீரர்களுக்கும், பின்னர் எதிரி நாடுகளுக்குள் அனுப்பப்பட்ட உளவாளிகளுக்கும் சாங்காய் முறையைக் கற்பித்தனர்.

1940 நவம்பரில் வில்கின்சன் வாள் நிறுவனத்துடன் கலந்து ஒரு கத்தியை வடிவமைத்தனர். ஏறத்தாழ 7 அங்குல நீளமுள்ள மெல்லிய இருபுறக் கூர் அலகு கொண்ட இதன் முதல் தொகுதி 1941 சனவரியில் வெளிவந்தது. இக்கத்தியின் உருவம் பின்னர் கொமாண்டோ படைகளின் சின்னங்களில் இடம்பெற்றது.

1942 ஆம் ஆண்டில் ஃபேர்பெர்ன் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்த எக்சு முகாம் எனப்பட்ட இரகசியப் பயிற்சி நிலையத்தில் கற்பித்தார். தொடர்ந்து அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான மூலோபாயச் சேவைகள் அலுவலகத்துக்குப் பயிற்சி அளித்தார். அங்கு இவரிடம் கற்றவர்களுள் ரெக்சு ஆப்பிள்கேட் (1914–1998) குறிப்பிடத்தக்கவர். இவர் ஃபேர்பெர்னின் முறையை அமெரிக்கப் படையிலும் காவல்துறைகளிலும் பரப்பினார். போர் முடிவில் ஃபேர்பெர்ன் லெப்டினன்ட் கேணல் தரத்தில் இருந்தார். அமெரிக்க அரசு இவருக்கு லீசன் ஆஃப் மெரிட் விருதை வழங்கியது.

சைக்சுடனான நட்பு போர்க்காலத்திலேயே முறிந்தது. சைக்சு 1945 ஆம் ஆண்டில் காலமானார்.

நூல்கள்

இவரது நூல்களுள் பெரும் செல்வாக்குப் பெற்றது, சைக்சுடன் சேர்ந்து எழுதிய ஷூட்டிங் டு லிவ் ஆகும். இது 1942 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆயுதமற்ற சண்டை பற்றிய ஆல்-இன் ஃபைட்டிங் நூலும், பெண்களுக்கான தற்காப்பு நூல் ஒன்றும் வெளியாயின. முன்பு வந்த டிபென்டு நூல் 1931 ஆம் ஆண்டில் வேறு பெயரில் மறுபதிப்புப் பெற்றிருந்தது.

பிற்காலமும் மறைவும்

1950 டிசம்பரில் சிங்கப்பூரில் மரியா எர்டோக் வழக்கை ஒட்டி நடந்த கலவரத்தில் 18 பேர் இறந்தனர். காவல்துறை அதை உடனே கட்டுப்படுத்தத் தவறியது. இதன் பின்னர் அந்நகரில் கலவரத் தடுப்பு அணி அமைக்கப்பட்டது. 1950களில் ஃபேர்பெர்ன் சிங்கப்பூரிலும் சைப்பிரசிலும் காவல் அணிகளுக்குப் பயிற்சி அளித்தார். சாங்காயில் 1925 ஆம் ஆண்டில் எழுந்த அதே கேள்விக்கே முதுமையிலும் இவர் விடை கூற வேண்டியிருந்தது. 1960 ஜூன் 20 அன்று தமது 75ஆம் வயதில் இங்கிலாந்தின் சசெக்சு பகுதியில் காலமானார்.

விமர்சனமும் மரபும்

ஃபேர்பெர்னின் சுடும் முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1950களில் கலிபோர்னியாவில் நடந்த போட்டிகளில், இரு கைகளாலும் துப்பாக்கியைப் பற்றிக் குறிகாட்டியைப் பயன்படுத்தியவர்கள் விரைவாகவும் துல்லியமாகவும் சுட்டு வென்றனர். அப்போட்டிகளை நடத்திய ஜெஃப் கூப்பர் (1920–2006) அம்முறையை வளர்த்தெடுத்து, 1976 ஆம் ஆண்டில் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். போதிய பயிற்சி இருந்தால் குறிகாட்டியைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும் என்பது இத்தரப்பின் வாதம். நெடுநாள் பயிற்சிக்கு வாய்ப்பில்லாத சாதாரணக் காவலருக்கு உடலின் இயல்பே துணை என்பது ஃபேர்பெர்ன் தரப்பின் வாதம். இன்றைய பயிற்சி முறைகள் பல, தொலைவுக்கு ஏற்ப இரண்டையும் இணைத்துக் கற்பிக்கின்றன.

வேறொரு விமர்சனமும் உண்டு. இவரது பணி, சீன மண்ணில் சீனர் மீது வெளிநாட்டவர் செலுத்திய ஆட்சியைக் காக்கவே பயன்பட்டது. பன்னாட்டுக் குடியிருப்பு 1943 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் காவல்துறையும் மறைந்தது. இவர் ஏற்படுத்திய பயிற்சி முறையின் கூறுகள் மட்டும் நிலைத்துள்ளன. எவ்வாறு சுடுவது என்று கற்பித்தவராகவே இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆயினும் கேடயம், மேலங்கி, தடி, பயிற்சி பெற்ற அணி ஆகியவற்றின் மூலம் சுடவேண்டிய நிலை வராமல் தடுக்க முயன்றதும் இவரது பணியின் இன்னொரு பாதியாகும்.